மேப்ல "காலி நிலம்"னு எழுதுறவங்களுக்கு, ஜெய்சால்மர்ல ஆறு வருஷம் காத்தாடி ஏறுனவன் எழுதுற மடல்

ஓஎம்ஆர்லயும் கிண்டியிலயும் உக்காந்து தார் பாலைவனத்துல கரண்டு எடுக்குற காத்தாடிக்கும் சோலார் பேனலுக்கும் லேஅவுட் போடுற டிசைன் இன்ஜினியர் அண்ணாச்சிமாரே, தம்பிகளே, மேடம்மாரே, அந்த லேஅவுட்டை நம்பி நிலம் ஒதுக்குற, டெண்டர் விடுற அதிகாரிகளே, எல்லாருக்கும் வணக்கம். இதை நீ இந்தியில எழுதணும்லான்னு எங்கூட வேலை பாத்த ஒருத்தன் கேட்டான். எனக்கு இந்தியில பேரம் பேச வரும், கோவப்பட வராது. அதுவும் போக, நான் ஏறுன காத்தாடிகளோட டிராயிங்க விரிச்சா ஓரத்துல இருக்குற கையெழுத்துல நெறைய நம்மூர் பேருதான், காத்தாலைக்குன்னு இருக்குற தேசிய நிறுவனமே பள்ளிக்கரணையிலதான இருக்கு, அதனால தமிழ்ல எழுதுனா போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்னு ஒரு நம்பிக்கை.

என்னைப் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். சாத்தான்குளம் பக்கம், தேரிக்காட்டு ஓரத்துல பொறந்தவன். ஐடிஐ முடிச்சிட்டு முப்பந்தல், ஆரல்வாய்மொழின்னு எட்டு வருஷம் காத்தாடி மெயின்டனன்ஸ், அப்புறம் ராஜஸ்தான் ஜெய்சால்மர்ல ஆறு வருஷம். தேரியைப் பாக்காதவங்களுக்கு, கண்ணுக்கு எட்டுன தூரம் செக்கச்செவேல்னு மணல், காத்தடிச்சா மேடு இடம் மாறும், மதியம் செருப்பில்லாம கால் வைக்க முடியாது. வெளியூர்ல இருந்து சொந்தக்காரங்க யாராவது வந்தா "இந்த மண்ணுல என்னத்தை வச்சுப் பொழைக்கீங்க"ன்னு கேப்பாங்க, எங்க ஆச்சி பதிலே சொல்ல மாட்டா, உள்ள போயி கருப்பட்டியை எடுத்துட்டு வந்து அவங்க முன்னாடி வப்பா. பனை, முந்திரி, அப்புறம் நிலாவாரை. அந்த நிலாவாரை இலைக்கு உலக மார்க்கெட்ல பேரே டின்னவெல்லி சென்னாதான், நம்ம ஜில்லா பேரு. நான் ஜோத்பூர் பக்கம் முதல் தடவ பஸ்ல போகும்போது வயல்ல அதே செடி நிக்குது, சோனாமுகின்னாங்க. சிரிப்பு வந்துருச்சு, ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல வந்தும் நம்ம வீட்டுக் கொல்லைதான்.

சரி விஷயத்துக்கு வாரேன். உங்க மேல எனக்கு முதல்ல கோவம் கிடையாது, ஏன்னா மேப்பைப் பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். ஜெய்சால்மர் ஜில்லா மட்டும் 38,400 சதுர கிலோமீட்டர், நம்ம தமிழ்நாடு மொத்தமே 1,30,000தான், அதாவது நாலுல ஒரு பங்குக்கும் மேல ஒத்தை ஜில்லா, அதுல 2011 கணக்குப்படி ஏழு லட்சம் பேரு கூட இல்ல. வெயிலு சொல்லவே வேண்டாம், 2016 மே மாசம் பக்கத்துல ஃபலோடியில 51 டிகிரி போச்சு, நம்ம நாட்டுலயே அதுதான் ரெக்கார்டு. காத்தும் இருக்கு. இதையெல்லாம் ஸ்கிரீன்ல பாத்தா கை துறுதுறுங்கத்தான் செய்யும்.

வேலை நடந்துருக்கு, அதை நான் மறுக்கல. ஜெய்சால்மரைச் சுத்தி ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல காத்தாடி நிக்குது. பட்லா சோலார் பார்க் 2,245 மெகாவாட், கிட்டத்தட்ட 14,000 ஏக்கர், ஒரு ஓரத்துல நின்னு பாத்தா அடுத்த ஓரம் தெரியாது. நம்ம கமுதியில 2016ல 648 மெகாவாட் வச்சப்ப உலகத்துலயே பெருசுன்னு எல்லாரும் சொன்னாங்கள்ல, அதை மாதிரி மூணு பார்க்கை பட்லாவுக்குள்ள வச்சாலும் இடம் மிச்சம் இருக்கும். 2017ல அங்க ஒரு யூனிட் 2 ரூபா 44 காசுக்கு ஏலம் போனப்ப நாடே வாயைப் பொளந்து பாத்துச்சு, நிலக்கரியை விட வெயிலு சீப்புன்னு அன்னைக்குத்தான் நெறைய பேருக்கு உறைச்சுது. என் வீட்டுக் கடன் அடைஞ்சது இந்தத் தொழில்லதான், என் தங்கச்சி கல்யாணம் நடந்தது இந்தத் தொழில்லதான், அதனால "பாலைவனத்தைத் தொடாதே"ன்னு கொடி புடிக்க வந்த ஆளுன்னு என்னை நெனைக்காதீங்க.

எனக்குப் பிரச்சினை ஒரே ஒரு வார்த்தைதான். காலி நிலம். உங்க டிராயிங்ல அப்படி இருக்கும், ரெவின்யூ ரெக்கார்டுல தரிசு, அரசுப் புறம்போக்குன்னு இருக்கும், டெல்லியில தரிசு நிலத்துக்குன்னு ஒரு அட்லஸே போட்டு வச்சிருக்காங்க. அந்த வார்த்தைக்குள்ள என்னென்ன கெடக்குன்னு நான் பட்டுத் தெரிஞ்சுகிட்ட கதையைச் சொல்றேன்.

நான் போன ரெண்டாவது வருஷம். ஒரு புது சைட், கம்பெனி பேரு வேண்டாம், ஊரு பேரும் வேண்டாம். கிரேன் போறதுக்கு ரோடு போட்டாங்க, மொரம்பு அடிச்சு தரையை விட ரெண்டடி உசத்தி, நேர் கோட்டுல அம்பு விட்ட மாதிரி. நல்ல ரோடு, நான்தான் அதுல தெனம் பைக்ல போவேன். ஜூலையில ஒரு மழை பெஞ்சுது, அங்க வருஷம் முழுக்க பெய்யுறதே 150, 200 மில்லிமீட்டர்தான், நம்மூர்ல ஐப்பசியில ரெண்டு நாள்ல கொட்டுறதை அவன் பன்னெண்டு மாசத்துக்கு வச்சுக்கணும். மறுநாள் காலையில போறேன், ரோட்டுக்கு மேக்க தண்ணி கட்டி நிக்குது, கெழக்க சொட்டு இல்ல. எனக்கு ஒண்ணும் தோணல, ரோடு உடையலயேன்னு சந்தோஷப்பட்டேன், அம்புட்டுதான் என் அறிவு.

நாலஞ்சு நாள் கழிச்சு ஒரு பெரியவர் வந்தாரு, சிவப்புத் தலைப்பா, கையில கம்பு. அங்கன எல்லாரையும் மரியாதையா ஹுக்கும்னுதான் கூப்பிடுவாங்க, வயசுல சின்னவனா இருந்தாலும். "ஹுக்கும், கொஞ்சம் எங்கூட வா"ன்னாரு. சண்டை போடல, சத்தம் போடல. ரோட்டைத் தாண்டி ஒரு முக்கால் மணி நேரம் நடக்க வச்சாரு. கல்லுத்தரை சரிஞ்சு சரிஞ்சு போயி ஒரு பள்ளத்துல முடியுது, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கரை, நம்மூர் குளத்தங்கரை மாதிரி, ஆனா ரொம்ப நீளம், உசரம் கம்மி. அதுக்குப் பேரு கடீன். மழைத்தண்ணி கல்லுத்தரையில ஓடி வந்து கரையில முட்டி நின்னு மண்ணுக்குள்ள எறங்கும், ஐப்பசி கார்த்திகையில தண்ணி வத்துனதும் அந்த ஈரத்துல கோதுமை, கொண்டைக்கடலை வெதைப்பாங்க, அதுக்கப்புறம் ஒரு சொட்டுத் தண்ணி பாச்ச மாட்டாங்க, மார்ச்ல அறுவடை. 200 மில்லிமீட்டர் மழையில கோதுமை! பாலிவால்னு ஒரு சமூகம் ஐநூறு வருஷத்துக்கு முன்னாடியே ஜெய்சால்மர்ல ஊரு ஊரா கட்டி வச்ச ஏற்பாடு, இப்ப டூரிஸ்ட்டுக பேய் ஊருன்னு செல்ஃபி எடுக்கப் போற குல்தரா இருக்குல்லா, அவங்க ஊருதான் அது. ஊரை விட்டு அவங்க போயி இருநூறு வருஷம் பக்கம் ஆச்சு, அவங்க காட்டுன வழியில இன்னைக்கும் வெள்ளாமை நடக்குது.

அந்தப் பெரியவரோட கடீன்ல அந்த வருஷம் தண்ணி இல்ல. எங்க ரோடு குறுக்க நிக்குது. தண்ணி ஓடி வர்ற அந்தக் கல்லுத்தரைக்கு அவங்க பாஷையில ஆகோர்னு பேரு, வீட்டு முத்தம் மாதிரி சுத்தமா வச்சிருப்பாங்க, அங்க செருப்போட நடக்கக் கூட யோசிப்பாங்களாம், நாங்க அறுபது டன் கிரேனை ஓட்டிருக்கோம். உங்க லேஅவுட்ல அந்த ஆகோர் எப்படி இருந்துச்சு தெரியுமா? ஒண்ணுமே இல்ல, வெள்ளை. சேட்டிலைட் படம் ஏப்ரல்லயோ மேயிலயோ எடுத்ததா இருக்கும், அப்ப பாத்தா அது வெறும் பாறைதான. அடியில ரெண்டு சிமென்ட் குழாய் பதிச்சிருந்தா முடிஞ்ச சோலி. பதிச்சாங்க, ஒண்ணரை வருஷம் கழிச்சு, எந்த பட்ஜெட் தலைப்புல போடுறதுன்னு மெயில் போயி மெயில் வந்து. அதுக்குள்ள ரெண்டு வெள்ளாமை போச்சு.

அவரு எங்கிட்ட கடைசியா கேட்டது ஒண்ணுதான். "இங்க ஒண்ணுமே இல்லன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" எனக்குப் பதில் தெரியல, அதான் உங்ககிட்ட கேக்குறேன்.

அப்புறம்தான் கண்ணைத் தொறந்து பாக்க ஆரம்பிச்சேன். ஓரண்னு ஒண்ணு இருக்கு, நம்மூர் கோயில்காடு மாதிரி, சாமி பேர்ல விட்ட நிலம், மரத்துல கோடாலி வைக்கக் கூடாது, ஆனா ஆடு மாடு ஒட்டகம் மேயலாம், அதுக்குள்ள நாடிங்கிற குட்டை, பேரிங்கிற சின்னக் கிணறு இருக்கும். அதுல நிக்கிற கேஜ்ரி மரம் வேற ஒண்ணும் இல்ல, நம்ம விருத்தாசலம் கோயில்ல தலவிருட்சமா நிக்குதே அந்த வன்னி மரம்தான். அதோட காயைக் காய வச்சா சாங்ரி, கல்யாண வீட்டுல அந்தக் கூட்டு இல்லாம பந்தி கிடையாது, இலை ஆட்டுக்கு, கிளை அடுப்புக்கு, நிழல் எல்லாத்துக்கும். 1730ல ஜோத்பூர் ராஜாவோட ஆளுக இந்த மரத்தை வெட்ட வந்தப்ப கேஜர்லி ஊருல பிஷ்னோய் சனங்க 363 பேரு மரத்தைக் கட்டிப் புடிச்சு உசுரை விட்டாங்க, அந்த மாதிரி மரம். சேவண்னு ஒரு புல்லு, மழை ஏமாத்துனாலும் வேர்ல உசுரை வச்சுகிட்டு நிக்கும், அந்தப் புல்லை நம்பித்தான் தார்ப்பார்க்கர் மாடும், ஆடும். இந்த ஓரண்ல பெரும்பாலானது ரெக்கார்டுல ஓரண்னு ஏறவே இல்ல, அரசு தரிசுன்னு கெடக்கு, அதனாலதான் உங்க கண்ணுக்கு மொதல்ல அது படுது, பட்டா நிலம்னா ஆயிரம் பேருகிட்ட கையெழுத்து வாங்கணும், இதுக்கு ஒரே ஒரு ஆபீஸ்.

அந்த ஓரண்ல மேயுற ஒட்டகத்தோட கதை இன்னும் மோசம். 2019 கால்நடைக் கணக்குல நாடு மொத்தத்துக்கும் ரெண்டரை லட்சம்தான் மிச்சம், ஏழு வருஷத்துக்கு முன்னாடி நாலு லட்சம் இருந்துச்சு. 2014ல ஒட்டகத்தை மாநில விலங்கா அறிவிச்சாங்க, அடுத்த வருஷம் வெட்டவும் வெளிமாநிலத்துக்குக் கொண்டு போகவும் தடை போட்டாங்க. நல்ல எண்ணம்தான், ஆனா ஆம்பள ஒட்டகத்தை வாங்க ஆளில்லாம வெலை படுத்துருச்சு, வளக்குற ராய்க்கா சனங்களே கையை விட ஆரம்பிச்சாங்க. காப்பாத்துறேன்னு சொல்லி மேய்ச்சல் நிலத்தையும் மார்க்கெட்டையும் ஒண்ணா புடுங்குனா எப்படிங்க வாழும்? பக்கத்துல கச்சுல ஒட்டகப் பால் பாட்டில்ல வந்து கடையில விக்குது. ஜெய்சால்மர்ல ஏன் அந்த அளவுக்கு வரலன்னு ஒரு ஃபைலாவது ஓடுச்சா? ஒரு பால் குளிரூட்டுற நிலையத்துக்கு ஆகுற காசு ஒரு காத்தாடியோட ஒத்தை றெக்கைக்குப் பத்தாது.

நீங்க "டெவலப்மெண்ட்"னு சொன்னா பேனல், காத்தாடி, ரிஃபைனரி. நான் வேண்டாம்னு சொல்லல. பக்கத்து ஜில்லா பார்மர்ல 2004ல மங்களாங்கிற எண்ணெய் வயலைக் கண்டுபுடிச்சாங்க, 2009ல எடுக்க ஆரம்பிச்சாங்க, அந்த எண்ணெய் மெழுகு மாதிரி உறையுறதால குஜராத் கடற்கரை வரைக்கும் 600 கிலோமீட்டருக்கு மேல குழாயைச் சூடு பண்ணிகிட்டே கொண்டு போறாங்க, இன்ஜினியரிங்கா பாத்தா சல்யூட் அடிக்கணும். பிகானேர் பக்கம் பர்சிங்சர்ல நம்ம நெய்வேலி என்எல்சியே பழுப்பு நிலக்கரி வெட்டி 250 மெகாவாட் எடுக்குது, அங்க கேன்டீன்ல சாம்பார் கெடைக்கும்னு கேள்விப்பட்டு ஒரு தடவ போகணும்னு நெனச்சு கடைசி வரைக்கும் போகவே இல்ல. ஆனா எண்ணெயும் கரியும் தோண்டுனா ஒரு நாள் தீரும். தீராம இருக்குற ஒண்ணு அந்த மண்ணோட விவசாயம், அதைப் பத்தி உங்க பவர்பாயின்ட்ல ஒரு ஸ்லைடு கூட நான் பாத்ததில்ல.

உங்க வீட்டு ரசத்துல போடுற சீரகம் எங்க இருந்து வருதுன்னு நெனைக்கீங்க? நம்ம நாட்டுச் சீரகம் கிட்டத்தட்ட மொத்தமும் குஜராத்தும் ராஜஸ்தானும்தான், பார்மர், ஜாலோர், ஜெய்சால்மர் விவசாயி மூட்டை கட்டி குஜராத் ஊஞ்சா மார்க்கெட்டுக்கு அனுப்புறான். வயித்துக்குக் கரைச்சுக் குடிக்கிற இசப்கோல் அதே மண்ணு. பிகானேர் புஜியாங்கிற நொறுக்குத்தீனி 2010ல புவிசார் குறியீடு வாங்குச்சு, அது கடலை மாவு மட்டும் இல்ல, நரிப்பயறு மாவு, தண்ணியே கேக்காத பயறு. பாலைவனத்துல வெளையுறதை அங்கயே மாவாக்கி, பாக்கெட் போட்டு, பேரு வாங்குனா எவ்வளவு பெரிய தொழில் ஆகும்னு காட்டுறதுக்கு அந்த ஒரு பாக்கெட் போதும். சீரகத்துக்கு அந்த மாதிரி ஏன் ஆகல? மூட்டை வெளிய போயிருது, லாபமும் கூடவே போயிருது.

கொத்தவரங்காய் கதையைச் சொன்னா சிரிப்பீங்க. நாம பொரியல் வைக்கிற அதே கொத்தவரை, அங்க குவார். அதோட விதையில இருந்து எடுக்குற பசை, அமெரிக்காக்காரன் பாறையை உடைச்சு எண்ணெய் எடுக்குறதுக்கு வேணும்னு ஆச்சு. உலகத்து குவார்ல 80 சதவீதம் நம்ம நாடு, அதுல பெரும்பங்கு ராஜஸ்தான். கிலோ முப்பது நாப்பது ரூபா வித்தது 2012ல முன்னூறு பக்கம் போச்சு, ஊக வியாபாரம் தாங்காம முன்பேர வர்த்தகத்தையே நிப்பாட்டுனாங்க. எனக்கு ரூம் விட்ட வீட்டு ஓனர் அந்த வருஷம்தான் பொலேரோ எடுத்தாராம். அடுத்தடுத்த வருஷம் எல்லாரும் குவாரே போட, அமெரிக்காக்காரன் வேற பசை கண்டுபுடிக்க, எண்ணெய் வெலையும் எறங்க, பொலேரோ போச்சு, தவணை மட்டும் மிஞ்சுச்சு. "அமெரிக்காவுல ஒருத்தன் தும்முனா எனக்கு ஏன்யா சளி புடிக்குது"ன்னு கேப்பாரு, டீ குடிக்கும்போதெல்லாம்.

தண்ணி கொண்டு வந்தா எல்லாம் சரியாயிரும்னு சொல்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. இந்திரா காந்தி கால்வாய், 1958ல அடிக்கல் நாட்டுனது, பஞ்சாப் ஹரிகேயில இருந்து ஜெய்சால்மர் மோகன்கட் வரைக்கும் 650 கிலோமீட்டர், சட்லெஜ் பியாஸ் தண்ணி. கங்காநகர், ஹனுமான்கட் பக்கம் போனா பருத்தியும் கோதுமையும் கடுகும் பச்சைப் பசேல்னு நிக்கும், பாலைவனம்னு சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டீங்க. ஆனா நெறைய இடத்துல மண்ணுக்கடியில ஜிப்சம், களின்னு ஒரு கெட்டி அடுக்கு. மழைத்தண்ணி கொஞ்சமா எறங்கும்போது அந்த அடுக்குதான் அதைத் தாங்கிப் புடிச்சு, கீழ இருக்குற உப்புத்தண்ணியில கலக்காம காப்பாத்தும், பேரி தோண்டி நல்ல தண்ணி இறைக்கிறதே அதை வச்சுத்தான். அதே அடுக்கு மேல கால்வாய்த் தண்ணியை அள்ளி ஊத்துனா எறங்க வழியில்லாம மேல வந்து நின்னு உப்பு பூத்துரும், அதை அங்க சேம்னு சொல்லுவாங்க, நல்லா வெளஞ்ச நிலம் சேறாகிப் போன ஊருக இருக்கு. சும்மா கெடந்த மண்ணுன்னு நெனச்சு ஊத்துனாங்க, அடியில என்ன இருக்குன்னு பேரி தோண்டுறவனைக் கேட்டிருந்தா சொல்லிருப்பான்.

டூரிசத்தைப் பத்தி நான் அதிகம் பேசப் போறதில்ல, அது என் சோலி இல்ல. ஜெய்சால்மர் கோட்டை 1156ல கட்டுனது, இன்னைக்கும் உள்ள சனங்க குடியிருக்காங்க, ஒரு ஆளுக்கு ஒரு குடம்னு இருந்த எடத்துல குழாய்த் தண்ணியும் லாட்ஜும் வந்து, கழிவுத்தண்ணி அஸ்திவாரத்துல எறங்கி, சுவரு சரிஞ்ச கதை எல்லாருக்கும் தெரியும். தண்ணியை அளவில்லாம விட்டா இந்த ஊர்ல சேம் மட்டும் இல்ல, கோட்டையே விழும்.

இப்ப தொழில்காரனா ரெண்டு வார்த்தை. பாலைவனம்னா வெயிலு ஜாஸ்தி, கரண்டு ஜாஸ்தின்னு ஆபீஸ்ல புதுசா வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்காதீங்க. பேனலுக்கு வெளிச்சம் வேணும், சூடு ஆகாது. 25 டிகிரியில டெஸ்ட் பண்ண பேனல் மேல மே மாசம் கை வச்சா 65 டிகிரி இருக்கும், ஏறுற ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் கொறையும்னு வச்சாலும் ஆறுல ஒரு பங்கு கரண்டு சூட்டுலயே போச்சு. அதுக்கு மேல ஆந்திங்கிற புழுதிக்காத்து, ஒரு நாள் அடிச்சா பேனல் மேல கோலம் போடலாம். கழுவ தண்ணி? குடிக்கவே டேங்கர்ல வர்ற ஊர்ல பேனல் கழுவ டேங்கர் வரிசையில நின்னா கிராமத்துப் பொம்பளைங்க எப்படிப் பாப்பாங்க, நான் பாத்துருக்கேன் அந்தப் பார்வையை. தண்ணி இல்லாம துடைக்கிற ரோபோ கமுதியிலயே ஓடுச்சு, அதைத் தார்ல கட்டாயமாக்குங்க, டெண்டர்ல ஒரே ஒரு வரி.

ஒயரும் அப்படித்தான். கோடாவண்னு ஒரு பறவை, நம்ம பாஷையில கானமயில், ஒரு காலத்துல தமிழ்நாட்டுலயும் இருந்துச்சு, இப்ப நாட்டுல நூத்தம்பது கூட இல்ல, இருக்குறதுல பெரும்பாலும் ஜெய்சால்மர்லதான். பதினஞ்சு கிலோ வரைக்கும் வரும், நேரா முன்னாடி இருக்குறது அதுக்குச் சரியா தெரியாது, கம்பியைப் பக்கத்துல வந்து பாத்துட்டு திரும்ப முடியாம அடிபட்டுச் சாகும். 2021ல சுப்ரீம் கோர்ட் கம்பியை மண்ணுக்கடியில கொண்டு போங்கன்னுச்சு, கம்பெனிகளும் அமைச்சகமும் முடியாதுன்னாங்க, 2024 மார்ச்ல கோர்ட் அந்த உத்தரவைத் தளர்த்தி ஒரு கமிட்டி போட்டுச்சு. எனக்கு ரெண்டு பக்கமும் நியாயம் தெரியும், ஹைடென்ஷன் லைனை மொத்தமா புதைக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல. ஆனா லைன் எந்தப் பக்கமா போகணும்னு கோடு போடுறது நீங்கதான, ஓரண் நடுவுல போட்டா ஆறு கிலோமீட்டர் மிச்சம்னு பாக்குறீங்கல்ல, அந்தக் கணக்கு யாரு தலையில விடியுதுன்னும் பாருங்க.

பணத்தைப் பத்தியும் பேசிருவோம், அதுலதான் எனக்கு உண்மையிலயே வயிறு எரியுது. மலையில அணை கட்டி கரண்டு எடுத்தா அந்த மாநிலத்துக்கு 12 சதவீதம் கரண்டு இலவசமா குடுக்கணும். சுரங்கம் தோண்டுனா 2015 சட்டத்துக்கு அப்புறம் ராயல்டியில 10ல இருந்து 30 சதவீதம் வரைக்கும் அந்த ஜில்லாவுக்குன்னு தனி நிதி. ஆறு ஓடுற ஊருக்குப் பங்கு இருக்கு, கரி கெடக்குற ஊருக்குப் பங்கு இருக்கு, வெயிலடிக்கிற ஊருக்கு? வெயிலுக்கு ராயல்டி கிடையாது, அதனால ஓரணுக்கும் கிடையாது. யூனிட்டுக்கு ரெண்டு பைசா ஒதுக்கி, அதை ஜெய்ப்பூருக்கு அனுப்பாம அந்தந்த ஊர் கணக்குலயே போட்டா நாடி தூர்வாரலாம், கடீன் கரை கட்டலாம், பால் சொசைட்டி ஆரம்பிக்கலாம். 2 ரூபா 44 காசு 2 ரூபா 46 காசு ஆகும், சென்னையில எவனும் ஃபேனை நிறுத்த மாட்டான்.

வேலைக்கு வர்றேன், இதுல நானும் குத்தவாளி. கட்டும்போது ஊர்க்காரங்க ஆயிரம் பேருக்கு வேலை, முடிஞ்சதும் வாட்ச்மேன், புல்லு வெட்டுறது, இதான் அவங்களுக்கு. காத்தாடி மேல ஏற சாத்தான்குளத்துல இருந்து என்னை ரயிலேத்துறாங்க. நான் செஞ்ச வேலையில பாதி அங்க ஐடிஐ படிச்ச பையனுக்கு ஆறு மாசத்துல வந்துரும், நானே ரெண்டு பேருக்குச் சொல்லிக் குடுத்தேன், அதுல ஒருத்தன் என்னை விட சுத்தமா போல்ட்டை அளவா முறுக்கிப் பாப்பான். ஆனா அவன் கான்ட்ராக்ட், நான் பெர்மனென்ட்டு. விவசாயியே தன் நிலத்துல ரெண்டு மெகாவாட் வரைக்கும் வச்சு கரண்டு விக்கிற குசும் திட்டம் 2019லயே வந்துருச்சு, ஜோத்பூர்ல காஸ்ரின்னு 1959ல இருந்து பாலைவன விவசாயத்தையே ஆராய்ச்சி பண்ற நிறுவனம் பேனல் வரிசைக்கு நடுவுல பயறும் சீரகமும் போட்டு, பேனல்ல விழுற மழைத்தண்ணியைத் தொட்டியில சேத்து, 105 கிலோவாட்ல செஞ்சே காட்டிருச்சு. பேனலைக் கொஞ்சம் உசத்தி வச்சா ஆடு மேயும், நிழல் விழுற மண்ணுல ஈரமும் நிக்கும். அது 105 கிலோவாட்லயே நிக்குது, உங்க பார்க் 2,245 மெகாவாட்டுக்குப் போயிருச்சு.

ஓரண் விஷயத்துல 2024 டிசம்பர் 18ல சுப்ரீம் கோர்ட் ராஜஸ்தான் அரசுக்கு ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, எல்லா ஓரணையும் அளந்து காடுன்னு அறிவிங்கன்னு. அது எந்தக் கேஸ்ல வந்துச்சு தெரியுமா, கோதவர்மன் திருமுல்பாடு கேஸ், நம்ம கூடலூர் காட்டுக்காக 1995ல போட்ட கேஸ்! நீலகிரி மரத்துக்குப் போட்ட கேஸு தார்ல வன்னி மரத்துக்கு நிழல் குடுக்குது. ஆனா ஊர்க்காரங்களுக்கு அதுலயும் ஒரு பயம் இருக்கு, காடுன்னு போர்டு மாட்டுனா ஃபாரஸ்ட்காரன் வந்து ஆட்டை வெரட்டுவானோ, கோயிலுக்குப் போக பெர்மிட் கேப்பானோன்னு. நியாயமான பயம். அதனால அளக்கும்போது ஊர்ப் பெரியவங்களைக் கூட வச்சு அளங்க, மேய்ச்சல் உரிமையை எழுத்துல குடுங்க, அளந்து முடிக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் ஒரு ஏக்கர் கூட எந்தக் கம்பெனிக்கும் ஒதுக்காதீங்க. அதிகாரிகளே, இது உங்க கையெழுத்துல நிக்கிற விஷயம்.

டிசைன் அண்ணாச்சிமாருக்கு நான் கேக்குறது சின்ன விஷயம். அடுத்த லேஅவுட் ஃபைனல் பண்றதுக்கு முன்னாடி ஏப்ரல் படத்தை மட்டும் பாக்காம ஆகஸ்ட் படத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, வெள்ளையா தெரிஞ்ச எடத்துல பச்சை எங்க ஒதுங்குதுன்னு. முடிஞ்சா நேர்லயே போங்க. மன்னார்குடியில இருந்து சென்னை வழியா ஜோத்பூர் பகத் கி கோட்டிக்கு வாரம் ஒரு ரயில் இருக்கு, அங்க இருந்து ஜெய்சால்மர் ஒரு ராத்திரி. டிசம்பர்ல போகாதீங்க, அது டூரிஸ்ட் சீசன், கூடாரமும் கலர் லைட்டும்தான் தெரியும். ஜூலைக் கடைசியில, ஒரு மழை பெஞ்ச மறுநாள் போங்க. ஜீப்பை ரோட்டுலயே விட்டுட்டு, யாராவது ஒரு ஆட்டுக்காரர் பின்னாடி தண்ணி ஓடுற பக்கமா நடங்க. செருப்பைக் கழட்டச் சொன்னா கழட்டிருங்க.

இப்படிக்கு,
தேரிக்காட்டுக்காரன், இப்ப மறுபடியும் முப்பந்தல்ல